வரவு செலவுத் திட்டம் மன்றத்துக்கு வருமுன் ஓர் உறுப்பினர் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: புதுவரவு

வணக்கம். சில மாதங்களுக்கு முன்புதான் முதன்முறையாக உள்ளாட்சி மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். வேறு யாரும் விரும்பிக் கேட்காத காரணத்தால் நிதிக் கண்காணிப்புக் குழுவில் எனக்கு இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் இன்னும் ஆறு வாரங்களில் மன்றத்தின் முன் வைக்கப்பட இருக்கிறது. பழகிக்கொள்ளலாம் என்று நடப்பாண்டுப் புத்தகத்தை எடுத்து மூன்று இரவுகள் படித்தேன். ஏறத்தாழ 300 பக்கங்கள், பக்கத்துக்கு முப்பது கணக்குத் தலைப்புகள். படித்து முடித்தபோது, கூட்டுத்தொகைகள் எல்லாம் சரியாக வருகின்றன என்பதைத் தவிர வேறெதுவும் எனக்கு விளங்கவில்லை என்பதைக் கொஞ்சம் கூச்சத்துடன்தான் இங்கே எழுதுகிறேன்.

மூத்த உறுப்பினர்களிடம் கேட்டால், அந்தக் கூட்டம் ஒரே பிற்பகலில் முடிந்துவிடும் என்றும், அவரவர் வார்டுக்குரிய சாலையையும் தெருவிளக்கையும் பற்றி இரண்டு நிமிடம் பேசிவிட்டு அமர்வதே வழக்கம் என்றும் சொல்கிறார்கள். அலுவலர்கள் மரியாதையாகவே நடத்துகிறார்கள். ஆனால் எதைக் கேட்டாலும் "புத்தகத்தில் இருக்கிறது" என்ற பதில்தான் வருகிறது. அது பொய்யும் இல்லை.

கணக்கியல் படிக்காத ஒருவர் இந்தப் புத்தகத்தில் எந்த இடத்தில் விரலை வைக்க வேண்டும்? குடிநீர், துப்புரவு போன்ற சேவைகள் தளர்ந்து வருவதை, மக்கள் வாசலில் வந்து நிற்பதற்கு முன்பே கண்டுகொள்ள வழி உண்டா? இவற்றோடு, வண்ணப் படங்களுடன் அச்சிட்ட பத்தாண்டுத் தொலைநோக்குத் திட்டம் ஒன்றும் எனக்குத் தரப்பட்டிருக்கிறது. அதற்கும் இந்த ஆண்டின் எண்களுக்கும் ஏதேனும் தொடர்பு இருக்கிறதா என்பதை எப்படிச் சோதிப்பது? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பேரேடு எழுதியது:

உள்ளாட்சி நிதித் தணிக்கையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கூச்சப்பட ஒன்றுமில்லை. கூட்டுத்தொகை சரியாக வருகிறது என்று காட்டுவதற்காகத்தான் அந்தப் புத்தகம் தயாரிக்கப்படுகிறது. வரப்போகும் ஆண்டின் மதிப்பீட்டைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடித்ததாக எனக்கு நினைவில்லை. அது இன்னும் நடக்காத ஒன்று. நடக்காததில் தவறு இருக்க முடியாது. நீங்கள் தேட வேண்டியது முடிந்த ஆண்டுகளில்.

ஒவ்வொரு தலைப்புக்கும் மூன்று எண்கள் உண்டு: ஆண்டுத் தொடக்கத்தில் மன்றம் ஏற்ற மதிப்பீடு, இடையில் மாற்றிய திருத்திய மதிப்பீடு, கடைசியில் ஆன உண்மைச் செலவு. பெரிய தொகையுள்ள இருபது தலைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, கடந்த நான்கு ஆண்டுகளின் இம்மூன்று எண்களையும் ஒரே தாளில் கையால் எழுதுங்கள். கணினியில் செய்யலாமே என்பீர்கள். கையால் எழுதும்போது கண் தானாக நிற்கும் இடங்கள் உண்டு, அதற்காகச் சொல்கிறேன். ஆண்டுதோறும் பத்து என்று மதிப்பிட்டு, ஏழு என்று திருத்தி, நான்கு மட்டும் செலவழிக்கப்படும் ஒரு தலைப்பு உங்கள் தாளில் இருக்கும். அந்த வேலை நடக்கவில்லை. அந்தப் பணம் மறு ஒதுக்கீட்டின் வழியாக வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. எங்கே போகிறது என்பது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. இதற்கு நேர்மாறாக, எப்போதுமே குறைத்து மதிப்பிட்டு எப்போதுமே மீறப்படும் தலைப்பும் ஒன்று இருக்கும். மின்கட்டணமாக இருக்கலாம், வழக்குச் செலவாக இருக்கலாம். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தவறிய மதிப்பீட்டை நான்காம் ஆண்டும் அப்படியே எழுதுபவர், அது தவறு என்று தெரிந்தேதான் எழுதுகிறார். மொத்தத்தைச் சமன்செய்ய அவருக்கு வேறு வழி கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள்.

வரவுப் பக்கத்தில் கேட்பு, வசூல், நிலுவை என்ற மூன்றையும் பிரித்துப் பாருங்கள். நூறு கேட்டு எழுபது வசூலாகும் வரியை, தொண்ணூற்றைந்து வரும் என்று எழுதினால் கணக்குப் புத்தகம் அழகாகச் சமநிலையில் நிற்கும். வராத இருபத்தைந்தை ஆண்டு நடுவில் யாரோ ஒருவர் ஈடுகட்ட வேண்டும். பெரும்பாலும் அது பழுதுபார்ப்புச் செலவாகவோ செய்த வேலைக்குப் பட்டியல் (பில்) கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் ஒப்பந்ததாரராகவோ இருக்கும். ஆகவே இன்னும் பணம் வழங்கப்படாத பட்டியல்களின் மொத்தத்தையும், அவற்றில் மிகப் பழையது எந்த மாதத்தது என்பதையும் கேளுங்கள். ஒரு நிறுவனத்தின் உண்மையான உடல்நிலையை நான் பெரும்பாலும் இந்த ஒரு விடையிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

ஆண்டின் கடைசி நாளில் எடுத்த கணக்கை மட்டும் நம்ப வேண்டாம் என்பதற்கு ஜப்பானின் யூபாரி நகரத்தைச் சொல்வேன். நிலக்கரியை நம்பி வளர்ந்த அந்த நகரில் 1960-இல் ஏறத்தாழ 1,17,000 பேர் இருந்தார்கள். கடைசிச் சுரங்கம் 1990-இல் மூடப்பட்டது. 2006-இல் எஞ்சியிருந்தவர்கள் ஏறத்தாழ 13,000 பேர். சுரங்கம் போன இடத்தைச் சுற்றுலா நிரப்பும் என்று நம்பி, கேளிக்கைப் பூங்கா, விடுதி, பனிச்சறுக்குத் தளம் என நகராட்சி கடன் வாங்கிச் செலவழித்தது. ஜப்பானில் நிதியாண்டு மார்ச் 31-இல் முடிந்தாலும், அந்த ஆண்டுக்குரிய வரவு செலவுகளை எழுதி முடிப்பதற்காக மே 31 வரை கணக்கு திறந்திருக்கும். அந்த இரண்டு மாத இடைவெளியில், புதிய ஆண்டின் பணத்தை ஒரு கணக்கிலிருந்து எடுத்துப் பழைய ஆண்டின் மற்றொரு கணக்குக்குக் கைமாற்றாகக் கொடுத்து, பற்றாக்குறையை ஆண்டுக்கு ஆண்டு தள்ளிவந்தார்கள். கைமாற்றுக்கான பணம் வங்கிகளின் குறுகிய காலக் கடனாக வந்துகொண்டிருந்தது. ஆண்டிறுதித் தாளை மட்டும் பார்த்தால் எதுவும் புலப்படாது. 2007 மார்ச்சில் அந்நகரம் நிதிச் சீரமைப்புக்கு உட்பட்டதாக அறிவிக்கப்பட்டபோது, அடைக்க வேண்டியிருந்த பற்றாக்குறை ஏறத்தாழ 3,530 கோடி யென். பள்ளிகள் இணைக்கப்பட்டன, ஊழியர் எண்ணிக்கையும் ஊதியமும் வெட்டப்பட்டன. இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி எளியது: ஆண்டின் நடுவில், ஆறாம் மாத இறுதியில், திருப்பித் தர வேண்டிய குறுகிய காலக் கடன் எவ்வளவு இருந்தது? ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்குக் கைமாற்றாகப் போனது எவ்வளவு?

கணக்கியல் படிக்காதவரால் முடியுமா என்று கேட்டீர்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டிக்சன் என்று ஏறத்தாழ 16,000 பேர் வாழும் சிறு நகரம் இருக்கிறது. அதன் கணக்குத் தலைவராக இருந்த ரீட்டா கிரண்ட்வெல், 1990 டிசம்பரில் நகரத்தின் பெயரில் மன்றம் அறியாத ஒரு வங்கிக் கணக்கைத் தொடங்கினார். கழிவுநீர்த் திட்டத்துக்கான சேமநிதி என்று தோன்றும் பெயர் அதற்கு. அடுத்த இருபத்தொரு ஆண்டுகளில் அதன் வழியாக 5.37 கோடி டாலரை எடுத்துக்கொண்டார்; போலிப் பட்டியல்கள் எழுதினார்; பற்றாக்குறைக்குக் காரணம் கேட்டபோது, மாநில அரசின் பங்கு தாமதமாகிறது என்றார். மாநில அரசு உண்மையிலேயே தாமதிக்கும் வழக்கம் உடையதுதான், ஆகவே அந்த விடை எல்லோருக்கும் பொருந்திப்போனது. ஆண்டுதோறும் வெளித் தணிக்கை நடந்தது, தணிக்கையாளர்கள் கண்டுபிடிக்கவில்லை. 2011-இல் அவர் நீண்ட விடுப்பில் இருந்தபோது, அவர் வேலையைத் தற்காலிகமாகப் பார்த்த அலுவலக ஊழியர் ஒருவர், நகரத்தின் பெயரில் உள்ள எல்லாக் கணக்குகளின் விவரத்தையும் அனுப்புமாறு வங்கியைக் கேட்டார். கட்டு வந்தது, தெரியாத கணக்கு ஒன்று அதில் இருந்தது. 2013-இல் கிரண்ட்வெல்லுக்கு 19 ஆண்டு 7 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

என் துறையைச் சேர்ந்தவர்கள் இதைப் படித்தால் நெளிவார்கள் என்பது தெரியும், நானும் நெளிந்திருக்கிறேன். பணத்தை வாங்குபவர், பதிவு செய்பவர், வங்கியோடு ஒப்பிடுபவர் மூவரும் ஒருவரே என்றால் எந்தத் தணிக்கையும் உங்களைக் காப்பாற்றாது. மன்றத்தின் பெயரில் எத்தனை வங்கிக் கணக்குகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் (நம் பதிவையும் வங்கியின் பதிவையும் ஒப்பிடும் தாள்) கடைசியாக எந்த மாதம் வரை முடிந்திருக்கிறது, அதில் கையொப்பம் இட்டவர் யார்? இதைக் கேட்க எந்தப் பட்டமும் வேண்டியதில்லை.

மூன்றாம் வரிசை எழுதியது:

பேரேடு ஐயா சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் அந்தக் கேள்விகளை எப்போது கேட்பது என்பதில்தான் புதிய உறுப்பினர்கள் தோற்றுப்போகிறார்கள். இரண்டு முறை உறுப்பினராக இருந்து, கடைசி மூன்றாண்டுகள் கண்காணிப்புக் குழுவின் தலைவராகவும் இருந்தேன். வரவு செலவுத் திட்டக் கூட்டத்தில் நான் பேசியதால் ஓர் எண்கூட மாறியதில்லை. கூட்டத்துக்கு ஐந்து மாதங்களுக்கு முன்பு, துறைகள் தங்கள் தேவைகளை நிதிப் பிரிவுக்கு எழுதி அனுப்பும் காலத்தில் கேட்டவற்றால் சில மாறின. உங்களுக்கு இருப்பது ஆறு வாரம் என்பதால், இந்த முறை பெரிதாக எதையும் திருப்ப முடியாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். இந்தக் கூட்டத்தை அடுத்த ஆண்டுக்கான தொடக்கமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். காலாண்டுக்கு ஒருமுறை மதிப்பீட்டையும் செலவையும் ஒப்பிட்டு அறிக்கை தர வேண்டும் என்று ஒரே ஒரு தீர்மானத்தை நிறைவேற்ற முடிந்தால், இரண்டு மணி நேர உரையைவிட அது பெரிது.

கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். விடையையும் எழுத்தில் கேளுங்கள். இரண்டும் நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகட்டும். வாய்மொழி விடை எவ்வளவு அன்பாக வந்தாலும் அடுத்த ஆண்டு அதற்குச் சாட்சி இருக்காது. கூட்டம் தொடங்கிய பின் மேசையில் வைக்கப்படும் பொருள்கள் எத்தனை, ஏற்கெனவே செய்துமுடித்த செலவுக்குப் பின்னேற்பு கேட்டு வரும் தீர்மானங்கள் எத்தனை என்று ஓராண்டு எண்ணி வையுங்கள். பின்னேற்பு பெருகும் மன்றத்தில் கண்காணிப்பு என்ற சொல்லுக்கு இடமில்லை. முடிந்ததற்கு முத்திரை இடுவதுதான் அங்கே வேலை.

இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், முடிவெடுக்கும் சிறு நிர்வாகக் குழுவையும் அதைக் கேள்வி கேட்கும் கண்காணிப்புக் குழுக்களையும் தனித்தனியாகப் பிரித்தது. எடுத்த முடிவு செயலுக்கு வருமுன் அதை நிறுத்தி, மறுபடியும் ஆராயுமாறு திருப்பி அனுப்பும் அதிகாரம் கண்காணிப்புக் குழுவுக்கு உண்டு. முடிவையே மாற்றும் அதிகாரம் கிடையாது. ஏட்டளவில் நல்ல ஏற்பாடு. 2018 பிப்ரவரியில் நார்த்தாம்டன்ஷயர் மாவட்ட மன்றம், புதிய செலவுகளை நிறுத்தும் பிரிவு 114 அறிவிப்பை வெளியிடும் நிலைக்கு வந்தது. ஆய்வு செய்ய அனுப்பப்பட்டவர்கள் கண்டவற்றில் என்னை உறுத்தியது பணக்கணக்கு அன்று: விளக்கம் கேட்ட உறுப்பினர்களுக்குத் தகவல் மறுக்கப்பட்டதாக அவர்களே ஆய்வாளர்களிடம் சொன்னார்கள். அந்த மன்றமே கலைக்கப்பட்டு, 2021 ஏப்ரலில் அதன் இடத்தில் இரண்டு புதிய மன்றங்கள் வந்தன. லண்டனின் கிராய்டன் மன்றம் 2020 நவம்பரில் அதே அறிவிப்பை வெளியிட்டது. தனக்குச் சொந்தமான வீட்டுவசதி நிறுவனம் ஒன்றுக்கு அது ஏறத்தாழ 20 கோடி பவுண்டு கடன் கொடுத்திருந்தது. வட்டியாகவோ ஈவுத்தொகையாகவோ எதுவும் திரும்பி வரவில்லை. அதற்கு முந்தைய மாதம் வெளிவந்த தணிக்கையாளர் அறிக்கை, நிலைமையின் கடுமையை மன்றம் கூட்டாகவே காண மறுத்தது என்ற பொருளில் எழுதியது.

கிராய்டனிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம்: மன்றத்துக்குச் சொந்தமான, ஆனால் தனிக் கணக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள், அறக்கட்டளைகள், கூட்டு முயற்சிகள் எவை என்று ஒரு பட்டியல் கேளுங்கள். உங்கள் 300 பக்கங்களில் அவை ஒரே வரியாகத்தான் இருக்கும்.

எதிர்க்கரை எழுதியது:

இங்கே எழுதுபவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் புதியவர் ஒருவரைத் தேவையற்ற போருக்கு அனுப்புகிறீர்கள் என்று அஞ்சுகிறேன். ஊதியம், ஓய்வூதியம், கடன் தவணை, மேலிருந்து ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கென்றே கட்டி அனுப்பப்படும் மானியம் ஆகியவற்றைக் கழித்துவிட்டால், மன்றம் தன் விருப்பப்படி தீர்மானிக்கக்கூடிய தொகை பல இடங்களில் மிகச் சிறியது. அந்தச் சிறு தொகைக்காகக் காலாண்டு அறிக்கையும் எழுத்துவழிக் கேள்வியும் என்று நான்கு அலுவலர்களின் நேரத்தை எடுத்துக்கொண்டால், சாலைப் பள்ளத்தை மூடுவதற்கான கோப்பு இன்னும் ஒரு வாரம் தாமதமாகும். மக்கள் நம்மைத் தேர்ந்தெடுத்தது அந்தப் பள்ளத்துக்காக.

பேரேடு எழுதியது:

எதிர்க்கரை அவர்கள் சொல்வதில் பாதியை மறுக்க மாட்டேன். தன்விருப்பத் தொகை சிறியதுதான். ஆனால் அது எப்படிச் சிறியதாயிற்று? பத்தாண்டுகளுக்கு முன்பு யாரோ ஒரு மன்றம், ஒரு பிற்பகலில், கடனுக்குக் கை தூக்கியது; அந்தத் தவணைதான் இன்று உங்கள் கையைக் கட்டுகிறது. இங்கிலாந்தின் வோக்கிங் மன்றம் 2023 ஜூனில் பிரிவு 114 அறிவிப்பை வெளியிட்டபோது, அந்த ஆண்டுக்கு அதன் கையில் இருந்த அடிப்படை நிதி 1.6 கோடி பவுண்டு. எதிர்கொண்ட பற்றாக்குறை 120 கோடி பவுண்டு. நகர மையத்தைப் புதுப்பிக்கத் தன் சொந்த நிறுவனங்களுக்குக் கடன் வாங்கிக் கொடுத்ததன் விளைவு அது. ஒவ்வொரு கடனும் அதற்கென்று ஒரு விளக்கத்தோடுதான் வந்திருக்கும்.

ஆகவே புதுவரவு அவர்களே, இந்தச் சிறிய தொகை எவ்வளவு என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். கட்டுண்ட செலவு அனைத்தையும் கழித்து, எஞ்சுவது மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று கடந்த ஐந்து ஆண்டுகளுக்கு எழுதுங்கள். அந்தச் சதவீதம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது என்றால், பத்தாண்டுத் தொலைநோக்குத் திட்டத்தின் வண்ணப் படங்களுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி தானாக எழும். அலுவலர்களின் நேரத்தைப் பற்றி எதிர்க்கரை சொன்னார். காலாண்டு ஒப்பீடு நிதிப் பிரிவில் ஏற்கெனவே இருக்கும், இல்லையென்றால் அவர்கள் எதை வைத்துப் பட்டியல்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்று கவலைப்பட வேண்டும்.

நீரேற்று எழுதியது:

நான் கணக்கர் அல்லன். குடிநீர் வழங்கலில் பொறியாளனாக இருந்தவன். சேவைகளைப் பற்றிய இரண்டாம் கேள்விக்கும் திட்டத்தைப் பற்றிய மூன்றாம் கேள்விக்கும் ஒரே விடைதான் என்று நினைக்கிறேன்.

புகார் எண்ணிக்கையை வைத்துச் சேவையை அளக்காதீர்கள். புகார் குறைவது சேவை மேம்பட்டதால் இருக்கலாம். சொல்லிப் பயனில்லை என்று மக்கள் ஓய்ந்துபோனதாலும் இருக்கலாம். நான் பணியாற்றிய ஓரிடத்தில், தொலைபேசி பழுதாகியிருந்த மாதத்தில்தான் புகார் மிகக் குறைவாக இருந்தது. அந்த மாத அறிக்கை அதைச் சாதனையாகவே காட்டியது. அதைவிட நம்பத்தக்கவை, யாரும் விரும்பிப் படிக்காத பதிவேடுகள்: ஏற்றி அனுப்பிய நீருக்கும் கட்டணம் விதித்த நீருக்கும் உள்ள இடைவெளி, குழாய் உடைப்புகள் நடந்த இடமும் தேதியும், எடுக்க வேண்டிய நீர் மாதிரிகளில் உண்மையில் எடுத்தவை எத்தனை, திட்டமிட்ட பராமரிப்பில் தள்ளிப்போடப்பட்டவை எத்தனை. அவசரப் பழுதுக்கான செலவு ஏறி, திட்டமிட்ட பராமரிப்புக்கான செலவு இறங்கும்போது, குழாய்கள் உங்களுக்கு முன்னறிவிப்பு கொடுத்துக்கொண்டிருக்கின்றன என்று கொள்ளுங்கள்.

நியூசிலாந்தின் ஹேவ்லாக் நார்த் ஊரில் ஏறத்தாழ 14,000 பேர் வசிக்கிறார்கள். 2016 ஆகஸ்டில், பெருமழைக்குப் பின் ஆட்டுச் சாணம் கலந்த நீர் குடிநீர்க் கிணறுகளுக்குள் புகுந்தது. அந்த நீர் கிருமிநீக்கம் செய்யப்படாமலே வழங்கப்பட்டு வந்தது. 5,500-க்கும் மேற்பட்டோர் நோயுற்றதாக மதிப்பிடப்பட்டது. நான்கு மரணங்கள் அதனோடு தொடர்புபடுத்தப்பட்டன. பின்னர் நடந்த விசாரணை, கிணறுகளின் பாதுகாப்பையும் பராமரிப்பையும் மேற்பார்வையிட வேண்டிய உள்ளாட்சி அமைப்புகளின் குறைகளைச் சுட்டியது. அதற்கு முந்தைய வாரம் வரவு செலவுப் புத்தகத்தை எடுத்துப் படித்திருந்தால் அதில் ஆபத்து ஏதும் தெரிந்திருக்காது. கிணற்றைப் பார்க்கப் போனவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

இத்தனைக்கும், எதிர்காலத் திட்டமிடலில் நியூசிலாந்தின் சட்டம் நான் படித்தவற்றுள் தெளிவான ஒன்று. 2002-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி ஒவ்வொரு மன்றமும் குறைந்தது பத்து ஆண்டுகளுக்கான நீண்டகாலத் திட்டம் வகுத்து, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2014-இல் செய்த திருத்தம், குடிநீர், கழிவுநீர், சாலை முதலிய உட்கட்டமைப்புக்கு முப்பது ஆண்டு உத்தியையும் கேட்டது. அந்தத் திட்டம் தணிக்கைக்கும் உட்பட்டது. அதாவது நடந்துமுடிந்த செலவை மட்டுமன்றி, திட்டத்தின் அடிப்படை ஊகங்கள் நியாயமானவையா என்பதையும் வெளியிலிருந்து ஒருவர் பார்க்கிறார். இவ்வளவு நல்ல சட்டம் இருந்தும் ஹேவ்லாக் நார்த் நடந்தது என்பதை எதிர்க்கரை அவர்கள் என் வாதத்துக்கு எதிராகவே பயன்படுத்தலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

உங்கள் தொலைநோக்குத் திட்டத்தை இப்படிச் சோதித்துப் பாருங்கள். மன்றத்திடம் உள்ள சொத்துகளின் பதிவேட்டைக் கேளுங்கள்: எந்தக் குழாய், எந்த ஆண்டு போட்டது, எத்தனை ஆண்டு தாங்கும் என்று அதில் இருக்க வேண்டும். ஆயுள் முடியும் ஆண்டு திட்டத்தின் பத்தாண்டுக்குள் விழும் சொத்துகளை எல்லாம் குறித்துக்கொண்டு, அவற்றை மாற்றுவதற்குத் திட்டத்தில் தொகை இருக்கிறதா என்று பாருங்கள். புதிய கட்டடத்துக்குத் தொகை இருக்கும். பழைய குழாய்க்கு இருக்காது. புதியதைக் கட்டும்போதும், அதை ஆண்டுதோறும் நடத்தும் செலவு எந்தத் தலைப்பில் ஏறுகிறது என்று கேளுங்கள். கட்டடத்துக்கு மானியம் கொடுப்பவர் காவலாளியின் ஊதியத்துக்குக் கொடுப்பதில்லை. பதிவேடே இல்லை என்று விடை வந்தால், அந்தத் திட்டத்தை யாரும் எண்களை வைத்து எழுதவில்லை என்பது உறுதி.

கண்காணிப்பால் மட்டும் எல்லாம் ஆகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பிளின்ட் நகரத்தில், 2014 ஏப்ரலில் மாநில அரசு அமர்த்திய நிதி நிர்வாகியின் காலத்தில், செலவைக் குறைக்கக் குடிநீர் ஆதாரம் ஆற்றுக்கு மாற்றப்பட்டது. அரிமானத்தைத் தடுக்கும் வேதிப்பொருள் சேர்க்கப்படாததால் பழைய குழாய்களின் ஈயம் நீரில் கலந்தது. 2015 மார்ச்சில் நகர மன்றம் பழைய ஆதாரத்துக்கே திரும்ப வேண்டும் என்று 7-க்கு 1 என்ற வாக்கில் தீர்மானித்தது. அதிகாரம் நிர்வாகியிடம் இருந்ததால் அந்தத் தீர்மானம் ஏற்கப்படவில்லை; அக்டோபரில்தான் நீர் மாறியது. கேள்வி கேட்கும் மன்றத்துக்கு விடையைச் செயலாக்கும் உரிமையும் வேண்டும். அந்த உரிமை உங்கள் சட்டத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை முதலில் படித்துவிடுங்கள்.

புதுவரவு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. எதிர்க்கரை அவர்களுக்கும்தான், அவர் எழுதியதால் அந்தச் சதவீதத்தைக் கணக்கிட்டேன். ஐந்து ஆண்டுகளில் அது ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியிருக்கிறது, இதை யாரும் இதுவரை என்னிடம் சொல்லவில்லை. இருபது தலைப்புகளையும் கையால் எழுதினேன். வடிகால் தூர்வாரும் தலைப்பில் நான்கு ஆண்டுகளிலும் மதிப்பீட்டின் பாதிக்கும் குறைவாகவே செலவாகியிருக்கிறது. மறு ஒதுக்கீட்டு ஆணைகளின் நகலை எழுத்தில் கேட்டிருக்கிறேன். சொத்துப் பதிவேட்டுக்கு இன்னும் விடை இல்லை.

வங்கிக் கணக்குகளின் எண்ணிக்கையையும் கேட்டேன். கணக்கு அலுவலர் மறுக்கவில்லை. ஆனால் கணக்குகள் வெவ்வேறு பிரிவுகளின் பொறுப்பில் இருப்பதால், மூன்று பிரிவுகளிடமிருந்தும் பட்டியல் பெற்றுத் தொகுத்துத் தர இரண்டு வாரம் ஆகும் என்றார். இது இயல்பானதுதானா?

பேரேடு எழுதியது:

இரண்டு வாரம் என்பதில் வியப்பில்லை. அவர் நேர்மையாகவே சொல்லியிருக்கலாம். மூன்று பிரிவுகளும் தங்களுக்குத் தெரிந்த கணக்குகளைத்தான் எழுதித் தருவார்கள். ஆகவே அந்தப் பட்டியலுக்குக் காத்திருக்கும் அதே வேளையில், மன்றத்தின் பெயரிலும் அதன் பதவிகளின் பெயரிலும் உள்ள எல்லாக் கணக்குகளையும் எழுத்தில் தெரிவிக்குமாறு ஒவ்வொரு வங்கிக்கும் குழுத் தலைவர் வழியாகக் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். விடை நேராகக் குழுவின் முகவரிக்கு வரட்டும். இரண்டு பட்டியல்களும் கைக்கு வந்தபின், ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத கணக்கு எண்களை மட்டும் இங்கே எழுதாமல், குழுவில் வையுங்கள்.